வாசலில் போட்ட நாற்காலி

கேள்வி:

எனக்கு வயது 53. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் திருமணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, பெற்றோரைக் கவனித்துக்கொள்வதற்காகத் திருச்சி பொன்மலைக்கு அருகிலுள்ள அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அப்பாவுக்கு 84 வயது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 78 வயது. மூட்டுவலியால் அதிகம் நடக்க முடிவதில்லை. வீட்டு வேலை முழுவதையும் நானே செய்கிறேன். அவர்களை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை. ஆனாலும் அம்மாவுக்கு ரசத்தில் புளி தூக்கல், துணியில் சோப்புப் போகவில்லை என்று தினமும் ஒரு குறை. அப்பா விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, “பால் வந்துவிட்டதா?” என்று என்னை எழுப்பிக் கேட்கிறார், அதன்பிறகு பகலிலும் பத்து முறையாவது அதையே கேட்கிறார். இது ஏழெட்டு மாதங்களாகத்தான். நான் மருந்துக் கடைக்குப் போய்வந்தால்கூட, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்கிறார். 53 வயதுப் பெண்ணைக் கேட்கிற கேள்வியா இது? அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் பேசினால், அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவன் பேச்சுதான். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய அருமையை உணர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் நாள்தோறும் ஒரு செய்தி வருகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பிறகு, இப்படி எரிச்சல் வருகிறதே என்று அழுகை வருகிறது. நான் கெட்டவளா? நன்றியுணர்வை எப்படி வரவழைத்துக்கொள்வது?

(பெயர், முகவரி வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்டவர் அல்லர். முதியோர் மருத்துவத்தில் நான் கழித்த ஆண்டுகளில், பெற்றோரை உண்மையிலேயே கைவிட்டவர்கள் யாரும் தமக்கு எரிச்சல் வருகிறதே என்று அழுது நான் பார்த்ததில்லை. எரிச்சலும் அதற்கடுத்து அழுகையும் வருவது, இரவும் பகலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான். பராமரிப்பவர்களின் சுமையை அளப்பதற்கென்றே ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் சாரிட் 1980-இல் உருவாக்கிய அந்தப் பட்டியல், இப்போது 22 கேள்விகளுடன் பல நாடுகளில் பயன்பட்டுவருகிறது. நீங்கள் கவனித்துக்கொள்ளும் உறவினர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி; இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறதா என்பது இன்னொரு கேள்வி. கோபத்தையும் குற்ற உணர்ச்சியையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்தே அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு பேருக்கு அது இயல்பாக வருகிறது.

அடுத்து, உங்களுக்கு உறக்கம் வேண்டும். மூன்றரை மணிக்கு எழுப்பப்பட்டு, அதற்குப் பிறகு கண்ணயர முடியாமல், மூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடுப்பின்றி வேலை செய்யும் ஒருவரிடம் நன்றியுணர்வு எங்கே என்று கேட்பது நியாயமே இல்லை. நன்றி என்பது கண்ணில் பட்டதன் பின்னால் வருவது. களைத்த கண்ணில் எதுவும் படாது. பாத்திரம் மட்டும்தான் படும், அழுக்குத் துணி மட்டும்தான் படும். ஆகவே நான் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் தந்தையின் அந்தக் கேள்வியை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதை வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. அதே சமயம், மறதி நோய் வந்துவிட்டது என்று நாமாகவே முடிவுகட்டவும் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, இது ஏழெட்டு மாதங்களுக்கு முன்புதான் தொடங்கியிருக்கிறது. மற்றொன்று, அவர் இருபது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். அந்த மாத்திரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலில் பி12 வைட்டமின் குறைகிறது. பி12 குறைந்தால் நினைவாற்றலும் குறையக்கூடும், கால் மரத்துப்போகவும் கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூடவே தைராய்டு, சோடியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, முதியவர்களின் நினைவை மேலும் மங்கச் செய்யும் என்பதால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வும் மறதியைப் போலவே தோற்றம் காட்டும். அவருடைய பசி, உறக்கம், பேச்சு எப்படி இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். திடீரென ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் அது சிறுநீர்த் தொற்றாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

செவித்திறனையும் சோதியுங்கள். வயதாகும்போது உச்ச ஒலிகள்தாம் முதலில் கேட்காமல் போகின்றன. அதனால் நாம் பேசுவது காதில் விழும், ஆனால் மெய்யெழுத்துகள் தேய்ந்துபோய் என்ன சொன்னோம் என்பது பிடிபடாது. “வந்தாச்சு அப்பா” என்று நீங்கள் அடுப்படியிலிருந்து சொல்லும் பதில் அவருக்கு விளங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. சத்தம் போட்டுப் பேசினால் குரல் கீச்சென்று ஏறி இன்னும் புரியாமல் போகும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரில் வந்து நின்று, குரலைச் சற்றுத் தணித்து, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பரிசோதனைகளுக்குப் பிறகு அது மறதி நோயின் தொடக்கம்தான் என்று தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். அதற்கு வழிமுறைகள் இருக்கின்றன, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இனி நன்றியுணர்வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது. “அவர்களை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறீர்கள். அதில் எனக்கு ஐயமே இல்லை. நம் ஊரில் பெற்றோரை நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் அதுதான் பொருள் என்று எல்லோரும் எண்ணுகிறோம். அக்கம்பக்கத்தாரும் அதையே பாராட்டுகிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இருவர் என்று வீடு பிரிந்துபோய்விடுகிறது. நன்றி என்பது பெற்றுக்கொண்டவருடைய உணர்வு. உங்கள் பெற்றோர் உங்களுக்குக் கொடுப்பதற்கு இன்றைக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? அவர்கள் கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் அன்பின் பெயரால் வாங்கி வைத்துவிட்டு, நன்றி வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். வராதது உங்கள் குற்றமில்லை; அது வருவதற்கான வாசல் அடைபட்டிருக்கிறது.

அவர்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். உங்கள் தாயார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சமையலறையை ஆண்டவர். கால் வலி வந்ததும் அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் கையை விட்டுப் போய்விட்டது. இப்போது அந்தச் சமையலறையோடு அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு, ரசத்தில் புளி தூக்கல் என்று சொல்வதுதான். வயதாகும்போது நுகர்வும் சுவையும் மங்குகின்றன, சில மருந்துகளாலும் நாக்கின் ருசி மாறுகிறது என்பதால், புளி உண்மையில் தூக்கலாக இல்லாமலும் இருக்கலாம். அதை அவரிடம் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஓர் எலுமிச்சை அளவு புளியையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திற்கு எடுத்துச் சென்று, “அம்மா, எனக்கு அளவு பிடிபட மாட்டேன் என்கிறது, நீங்களே கரைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தரையில் உட்கார வைக்காதீர்கள், அரிவாள்மணை வேண்டாம், கைக்கு எட்டும் உயரமுள்ள ஒரு மேசையை முன்னால் போட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுங்கள். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, பூத் தொடுப்பது எல்லாமே அப்படி உட்கார்ந்து செய்யக்கூடியவை; விரல்களுக்கும் அவை நல்ல பயிற்சி.

சில ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், பார்வை மிகவும் குறைந்துபோன 81 வயது மூதாட்டி ஒருவரை அவர் வீட்டிலேயே பார்க்கச் சென்றிருந்தேன். நான் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மருமகளிடம் மருந்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இணுக்கையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஒரே இழுப்பில் உருவ, இலை மட்டும் முறத்தில் உதிர்ந்தது. காம்பு அவர் விரலிலேயே நின்றது. பூச்சி அரித்த இலைகளை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து ஒதுக்கினார். அரை மணி நேரத்தில் முறம் நிறைந்தது. மருமகள் அதை எடுத்துக்கொண்டு போகும்போது, “அத்தை, நான் உட்கார்ந்திருந்தால் இன்றைக்குக் கீரையே கிடையாது” என்று சொன்னார். அது உபசாரத்துக்குச் சொன்ன சொல் இல்லை. அவருக்கு அன்றைக்கு உண்மையிலேயே வேறு வேலை இருந்தது. மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அடுத்த தடவை கொஞ்சம் இளசாகப் பார்த்து ஒடி” என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு மருமகள் சிரித்ததை நான் மறக்கவில்லை. அதே சொல் உங்கள் வீட்டில் உங்களைக் குத்துகிறது, அங்கே குத்தவில்லை. அந்த வீட்டில் மாமியாரும் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் குறை சொன்னார் என்பதே வேறுபாடு என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் தந்தைக்கும் ஒரு வேலை வேண்டும். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். பால் வந்துவிட்டதா என்பது, இந்த வீட்டில் காலையில் நடக்க வேண்டியது நடந்துவிட்டதா என்னும் குடும்பத் தலைவரின் கேள்வி. பால் வாங்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். முதல் நாள் இரவே பையை வாசல் கேட்டில் மாட்டச் சொல்லுங்கள். பால் ஐந்தரை மணிக்கு வருமானால், “பால் ஐந்தரைக்கு வரும்” என்று பெரிய எழுத்தில் எழுதி, கடிகாரத்துக்குக் கீழே ஒட்டுங்கள். பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும், தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளில் அவர் கையாலேயே பென்சிலால் ஒரு குறி போடட்டும். பகலில் மீண்டும் கேட்டால், “பாருங்கள் அப்பா, நீங்கள்தான் வாங்கிவைத்தீர்கள்” என்று நாள்காட்டியைக் காட்டலாம். புதிய செய்தி மனத்தில் பதியாமல் போகும் நிலையிலும், தன் கையெழுத்தைப் பார்த்தால் வரும் நிம்மதி பெரிது. மூன்றரைக்கு எழுவது உடனே நின்றுவிடாது. முதியவர்களுக்குச் சீக்கிரம் உறக்கம் வந்து சீக்கிரம் கலைந்துவிடும். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் நிறுத்தி, மாலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தால் சிறிது சிறிதாகத் தள்ளிப்போகும்.

அவர் ஃபிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். பொன்மலைப் பணிமனை எத்தகைய இடம் என்பது திருச்சிக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, டீசல் வந்து, நீராவி மறைந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அவருடையது. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்கள் கட்ட வேண்டியிருந்தபோது, அவை பொன்மலையில்தான் கட்டப்பட்டன; அந்தக் கைத்திறன் அவரைப் போன்றவர்கள் வளர்த்து விட்டுச்சென்றது. காலை என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத முதியவர்களுக்கும், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை பளிச்சென்று நிற்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றே ஒரு காலத்தில் மருத்துவர்களும் எண்ணியிருந்தார்கள். 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், அது முதுமையின் இயல்பான வேலை, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சி என்று எழுதிய பிறகே அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. எனவே மாலையில் அவருடன் உட்காரும் அந்த அரை மணி நேரத்தில், “நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அது தேர்வு வைப்பது போல் ஆகிவிடும். முதல் நாள் வேலைக்குப் போனபோது சாப்பாடு எதில் கட்டிக்கொண்டு போனீர்கள், முதல் சம்பளத்தில் ஆத்தாவுக்கு என்ன வாங்கினீர்கள், எஞ்சினில் எந்தப் பாகம் கழற்றுவதற்குக் கடினம் என்று கேளுங்கள். சிக்கிக்கொண்ட கேட் தாழ்ப்பாள் ஒன்றும், ஒரு சொட்டு எண்ணெயும், ஒரு ஸ்பேனரும் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. கைக்குத் தெரிந்த வேலை, மறதியிலும் நெடுநாள் தங்கும்.

இப்போது அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 53 வயதுப் பெண்ணைக் கேட்கிற கேள்வியா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை வேறு விதமாகப் படித்தேன். 84 வயதான ஒருவர், மகள் வெளியே போனதைக் கவனித்து, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ வாசல்வரை வந்து, நீங்கள் தெருமுனையில் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் வகுப்பில் நீங்கள் பள்ளி விட்டு வரத் தாமதமானால் அவர் எப்படி நின்றிருப்பாரோ அதே நிற்பு அது; கால் வலுவிழந்ததால் இப்போது உட்கார்ந்துகொண்டு நிற்கிறார். நம் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் ஏதோ வெளியாள் போல் ஆக்கிவிட்டார்களே என்று மனம் சுருங்கிவிடும். அதற்குப் பதிலாக நமக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. சாப்பிட்டாயா, ஏன் இவ்வளவு நேரம், குடை எடுத்துக்கொண்டு போ, வெயிலில் எதற்கு அலைகிறாய் என்பவை எல்லாம் அந்தச் சொற்கள். உங்கள் தாயார் ஒரு நாளில் உங்களிடம் சொல்லும் சொற்களில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். குறை சொன்னது நம் மனத்தில் ஆணி அடித்தது போல் நிற்கிறது. “நீ முதலில் சாப்பிடு” என்றது காற்றோடு போய்விடுகிறது. பெரும்பாலும் எல்லா மனிதர்களின் மனமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

என் தாயார் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கடைசி ஆண்டில் ஒவ்வொரு நாளும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டினால் எண்கள் இருக்கின்றன, 140, 90, 162 என்று. அன்று அவர் என்ன பேசினார், எதைப் பார்த்துச் சிரித்தார் என்பது ஒன்றுகூட அதில் இல்லை. அந்த எண்களின் ஓரத்தில் நான்கு சொற்கள் எழுதியிருக்கலாம். ஒரு நிமிடம் பிடித்திருக்காது. உங்களுக்கு நான் ஒரு சிறிய குறிப்பேட்டைப் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் ஆய்வு சார்ந்தது. 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்னும் இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் அந்த வாரத்தில் தமக்குக் கிடைத்த நன்மைகளையும், இன்னொரு குழுவினர் தொல்லைகளையும் எழுதிவந்தார்கள். நன்மைகளை எழுதியவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். அந்த ஆய்வின் இன்னொரு பகுதியில் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாட்கள் அவ்வாறு எழுதினார்கள். அவர்களுடைய உறக்கமும் மேம்பட்டது. அதில் எனக்குப் பிடித்தது, நன்றியோடு இருங்கள் என்று யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை என்பதுதான். கிடைத்ததை எழுதச் சொன்னார்கள், அவ்வளவே. நீங்களும் உணர்ச்சியை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். “அம்மா புளி கரைத்தார். அப்பா தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார்.” இவ்வளவு போதும். தினமும் முடியாவிட்டால் வாரம் ஒரு முறை எழுதினாலும் சரிதான். எரிச்சல் வந்த நாளில் எரிச்சலையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கலாம், ஒரே வீட்டில் இருக்கவில்லையா?

தம்பியைப் பற்றி உங்களுக்கு வருத்தம் அதிகம் என்று தெரிகிறது. அதில் நியாயம் உண்டு. தொலைவில் இருப்பவரைப் பெற்றோர் புகழ்வது, அருகில் இருப்பவர் குறைவு என்பதால் அன்று. தொலைவில் இருப்பவரின் அன்பு, வாரம் ஒரு முறை கைக்கு வந்து நழுவிவிடுகிறது. அதைப் பேசிப் பேசித்தான் தக்கவைத்துக்கொள்ள முடியும். நீங்கள் இருப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்வது இது: எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு, தமக்கு மிக நெருக்கமான சிலரிடமே மனத்தை வைக்கிறார்கள். உங்கள் பெற்றோரின் அந்தச் சிலரில் முதலாவது ஆள் நீங்கள். அதனால்தான் அவர்களுடைய குறைகளும் உங்களிடமே வந்து சேர்கின்றன. இதைப் புரிந்துகொள்வது ஓரளவு ஆறுதல் தரும். ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தம்பியிடம் வேலையைப் பங்கிட்டுக் கேளுங்கள். கஷ்டமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால், பார்த்துக்கொள் அக்கா என்று அவர் சொல்லிவிடுவார். வாரத்தில் இரண்டு நாட்கள் நான்கு மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளருக்கு இவ்வளவு ஆகிறது, அதை நீ கொடு என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவர் ஊருக்கு வரும்போது, பத்து நாட்கள் வீட்டுப் பொறுப்பை முழுமையாக அவரிடம் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இருபது நிமிடங்களை அவர் காணொலியில் அப்பாவோடு பேசட்டும்; நீங்கள் அந்த நேரத்தில் மாடிக்குப் போய்விடுங்கள், அருகில் இருந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் ஏராளம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தார்கள். இப்போது அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. முன்பு ஒரு முதியவரைச் சுற்றி நான்கைந்து மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் இருந்த வீடுகளில், இப்போது இரண்டு முதியவர்களுக்கு ஒரு மகள். முன்பு பலர் பகிர்ந்துகொண்ட சுமையை நீங்கள் தனியாகத் தூக்குகிறீர்கள். முன்னோர்களெல்லாம் சலிக்காமல் செய்தார்களே என்று உங்களை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து கிடைக்கும் உதவியைத் தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாயாரின் மூட்டுவலியைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்கும் எளிய பயிற்சியே தொடைத் தசையை வலுவாக்கி, மூட்டின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கும். அதை எத்தனை முறை செய்யலாம் என்று அந்தச் சிகிச்சையாளர் சொல்லித்தருவார். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணம் இல்லை. பராமரிப்பவர்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

ஒரு செய்தி மட்டும் மீதம் இருக்கிறது. நாள்தோறும் வரும் அந்த வாட்ஸ்அப் செய்திகளை அனுப்பும் குழுவை ஓசையில்லாமல் வைத்துவிடுங்கள். பெற்றோரின் அருமையைப் பற்றி அழகாக எழுதுகிறவர்களில் எத்தனை பேர் மூன்றரை மணிக்கு எழுந்து பால் வந்துவிட்டதா என்பதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர்களிடமிருந்து பாடம் வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே முடித்துவிட்டு, முடிவுகளையும் மாத்திரைகளின் பெயர்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை மருந்துக் கடையிலிருந்து திரும்பும்போது, அப்பா ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், உள்ளே போய்விடாமல் இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து அவர் அருகில் போட்டு உட்கார்ந்து, கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தது, யாரைப் பார்த்தீர்கள், மாத்திரை விலை எவ்வளவு என்று முழுவதும் சொல்லுங்கள். அவர் கேட்டது அதைத்தான். அம்மா கரைத்த புளியில் வைத்த ரசம் எப்படி இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் முதியோர் நல மருத்துவர்